குடும்ப வழக்கையும் சிறுவர் வழக்கையும் வேறு கட்டடத்துக்கு மாற்றினால் என்ன?

மாம்பழச்சந்தி எழுதியது:

வணக்கம். அக்காவின் தாபரிப்பு (புருஷன் தர வேண்டிய பராமரிப்புக் காசு) வழக்குக்குத் துணையாகப் போய்வருகிறேன். யாழ் மாவட்டத்தில் எந்த மன்று என்று எழுதவில்லை. எழுதினால் ஆளைக் கண்டுபிடிக்க எங்கள் ஊருக்கு அரை மணித்தியாலம் போதும்.

கேள்வி இதுதான். தாபரிப்பு, விவாகரத்து, பிள்ளை யாரோடு இருப்பது என்ற வழக்கு, வீட்டு வன்முறை, சிறுவர் வழக்கு எல்லாவற்றையும் இப்போது நடக்கிற கட்டடத்திலிருந்து எடுத்து வேறொரு கட்டடத்தில் நடத்தும்படி கேட்க முடியாதா? முடிந்தால் பட்டினத்துக்கு வெளியே, சனம் குறைந்த ஓர் இடத்தில்.

ஒரே விறாந்தையில்தான் எல்லோரும் நிற்கிறோம். கசிப்பு, வாள்வெட்டு, களவாக மணல் ஏற்றிய டிப்பர் எல்லாம் ஒரே வாங்கில். சிறைச்சாலை பஸ் வந்ததும் விலங்கோடு இறக்குவார்கள், வீட்டுக்காரர் ஓடிவந்து அழுவார்கள். அக்காவின் மகன் அதைப் பார்த்தபடி பிஸ்கட் சாப்பிடுகிறான். அப்புறம் பெயர் கூப்பிடுவார்கள். அக்காவின் முழுப்பெயர், அத்தானின் முழுப்பெயர், வாசலில் நின்று உரத்த குரலில். றோட்டில் போகிறவருக்கும் கேட்கும். அத்தானின் தமக்கைமார் எதிர்ச்சுவரோடு வரிசையாக நின்று ஒரு வார்த்தை பேசாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏசினால்கூடப் பொலிஸில் சொல்லலாம். பார்ப்பதற்கு என்ன சொல்லி முறைப்பாடு கொடுப்பது?

ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று நாலைந்து பேர் கதைத்திருக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


வடமராட்சியான் எழுதியது:

நூற்றுக்கு நூறு சரி. குடும்பப் பிரச்சினை சந்தையில் ஏலம் போகிற மாதிரித்தான் போகுது. மனு எழுதினால் என் கையெழுத்து முதலாவது.


பழைய கோப்பு எழுதியது:

தங்கச்சி, நான் நீதிமன்றப் பதிவறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். நீங்கள் சொல்லும் விறாந்தையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மனு எழுத முதல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"குடும்ப நீதிமன்றம்" என்று தனிக் கட்டடம் தேடினால் இந்த நாட்டில் கிடைக்காது. 1978-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தில் குடும்ப நீதிமன்றம் என்று இருக்கிறது, ஆனால் நடைமுறையில் மாவட்ட நீதிபதிதான் அந்தப் பொறுப்பிலும் இருந்து கேட்கிறார். காணி வழக்கு கேட்ட அதே கதிரை. விவாகரத்தும், பிள்ளையின் கட்டுக்காப்பும் (யாரோடு இருப்பது என்பது), மகவேற்பும் (தத்தெடுப்பு) அங்கே. தாபரிப்பு அங்கே இல்லை, அது 1999-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். வீட்டு வன்முறைக்கான பாதுகாப்புக் கட்டளையும் (2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டம்) நீதவானிடம்தான். பிள்ளை ஏதாவது குற்றத்தில் மாட்டினாலோ, பிள்ளைக்குப் பராமரிப்புத் தேவை என்று பொலிஸோ நன்னடத்தை அலுவலரோ கொண்டுவந்தாலோ அது சிறுவர் நீதிமன்றம். அப்படி ஒன்று தனியாக இல்லாத இடத்தில் நீதவானே சிறுவர் நீதிமன்றமாக இருந்து கேட்பார்.

ஆக, ஒரு வீட்டுச் சண்டைக்கு மூன்று, நாலு கோப்பு. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பிள்ளை. கோப்பு மட்டும் வேறு வேறு அலுமாரியில். இப்போதைக்கு அந்த அலுமாரிகள் ஒரே வளாகத்திலாவது இருக்கின்றன. "குடும்ப வழக்கை மாற்று" என்று மனு போய், மாவட்ட நீதிமன்றத்தின் பங்கை மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போனால், உங்கள் அக்கா விவாகரத்துக்கு ஓரிடம், தாபரிப்புக்கு இன்னோரிடம் என்று இரண்டு பஸ் பிடிக்க வேண்டிவரும்.


மாம்பழச்சந்தி எழுதியது:

ஐயா, அதுதான் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.


பழைய கோப்பு எழுதியது:

கேட்கலாம். தனி நீதிபதி, தனிப் பதிவாளர், தனிச் சிறாப்பர் (காசாளர்), பிஸ்கால் (மன்றின் கட்டளையை நிறைவேற்றுகிறவர்), மொழிபெயர்ப்பாளர், பொலிஸ் காவல், கோப்பு வைக்கப் பூட்டுப் போட்ட அறை, இத்தனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தாபரிப்புக் காசைப் பலர் மன்றில்தான் கட்டுகிறார்கள், பெண்கள் மன்றில் வந்துதான் எடுக்கிறார்கள். சிறாப்பர் இல்லாத கட்டடத்துக்கு வழக்கு மட்டும் போனால் காசுக்கு இன்னொரு நாள் பழைய கட்டடத்துக்கு வரவேண்டும். மரத்தளபாடம் வருவதற்கே ஒரு வருடம் காத்திருந்த அலுவலகங்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.


கறுப்புக்கோட் எழுதியது:

கோப்பு ஐயா சொன்னது சரி. சட்டத்தரணி என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். இரண்டுமே புதுச் சட்டம் கேட்காதவை.

முதலாவது, சிறுவர் வழக்கு. 1939-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சிறுவர் நீதிமன்றம் மற்ற நீதிமன்றங்கள் கூடுகிற கட்டடத்திலோ அறையிலோ கூடாமல் வேறிடத்தில் கூட வேண்டும். இல்லாவிட்டால் வேறு நாளில் அல்லது வேறு நேரத்தில். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். "வேறு கட்டடம்" என்பது அதில் உள்ள வழிகளில் ஒன்றுதான். வேறு நாள் என்பதற்கு ஒரு செங்கல்லும் தேவையில்லை. வழக்கோடு சம்பந்தமில்லாதவர் உள்ளே இருக்கவும் அந்தச் சட்டம் விடாது.

இரண்டாவது, அரசியலமைப்பின் 106-ஆவது உறுப்புரை. நீதிமன்றம் பகிரங்கமாகக் கூட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அதே உறுப்புரையின் இரண்டாவது பந்தியில் நீதிபதி தம் தற்றுணிபில் சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்பலாம் என்று இருக்கிறது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதலாவதே குடும்ப உறவுகள் பற்றிய வழக்கு. மண்டபத்தை மூடிக் கேட்க வேறு கட்டடம் வேண்டியதில்லை. சட்டத்தரணி எழுந்து நின்று கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை, ஏனென்றால் பட்டியலில் இன்னும் நாற்பது வழக்கு இருக்கிறது.

சிலர் தனிப்பட்ட செய்தியில் "எங்கள் வழக்கை மட்டும் வேறு ஊருக்கு மாற்ற முடியுமா" என்று கேட்டிருக்கிறார்கள். நீதித்துறைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவுப்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீதியான விசாரணை கிடைக்காது என்ற பயம் அல்லது வேறு தகுந்த காரணம் காட்ட வேண்டும். அந்த மன்று இருப்பது கொழும்பில், புதுக்கடையில். மல்லாகத்திலிருந்து சாவகச்சேரிக்கு ஒரு வழக்கை நகர்த்தக் கொழும்புக்குப் போய்வர வேண்டும். ஆகவே வழக்குப் போட முதலே யோசியுங்கள். விவாகரத்தைப் போடுகிறவர் தாம் வசிக்கும் இடத்து மன்றில் போடலாம், தாபரிப்பும் அப்படித்தான். தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண் புருஷன் வீட்டுப் பக்கத்து மன்றுக்கு ஓட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையை நம்பாதீர்கள்.


நெடுந்தீவு மேற்கு எழுதியது:

"பட்டினத்துக்கு வெளியே, சனம் குறைந்த ஓர் இடத்தில்." இந்த வரியை வாசித்துவிட்டுத்தான் எழுத வந்தேன்.

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். பட்டினத்துக்கு வெளியே என்றால் உங்களுக்கு இன்னும் பத்து நிமிட ஓட்டோ. எங்களுக்கு? விடிய முதல் எழும்பி, பிள்ளையை எழுப்பி, படகுக்கு வர வேண்டும். கடல் நல்லாக இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் குறிகட்டுவான் இறங்குதுறை. மாரியில் காற்றென்றால் படகே ஓடாது. குறிகட்டுவானில் யாழ்ப்பாணம் பஸ் நிற்கும். அது புங்குடுதீவு, வேலணை எல்லாம் ஏறி இறங்கிப் பண்ணைப் பாலத்தால் நேரே பெரிய பஸ் நிலையத்துக்குப் போகும். ஊர்காவற்றுறை மன்றுக்கென்றால் வேலணையில் இறங்கி வேறு பஸ் பார்க்க வேண்டும். வரைபடத்தில் ஊர்காவற்றுறைதான் கிட்ட, நேரத்தைக் கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை.

மன்று தொடங்கும்போது பெயர் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் என்ன நடக்கும் என்று கறுப்புக்கோட் அண்ணையே சொல்லட்டும். நான் படகில் இருக்கிறேன் என்று யாருக்கு அறிவிப்பது? எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி தவணைக்கு முதல்நாளே வந்து பட்டினத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்குவாள். "ஏன் வந்தனி" என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்வதே அவளுக்கு ஒரு வழக்கு.

பஸ் எல்லாம் வந்து சேர்கிற இடத்தில் இருப்பதால்தான் பட்டினத்து மன்றை எங்களால் எட்ட முடிகிறது. அமைதியான இடம் என்று ஏதோ ஒழுங்கைக்குள் கொண்டுபோய் வைத்தால், அமைதியாகத்தான் இருக்கும். எங்களால் வரவே முடியாது.


வடமராட்சியான் எழுதியது:

அப்ப தீவாருக்காக மற்ற எல்லோரும் விறாந்தையில் நிற்க வேண்டுமா? பருத்தித்துறையில் மன்று இருக்கு, மல்லாகத்தில் இருக்கு, சாவகச்சேரியில் இருக்கு. வடமராட்சிச் சனம் பட்டினத்துக்கு வரவே தேவையில்லை. பிரச்சினை உங்கள் பக்கத்துப் போக்குவரத்து. அதை மன்றின் தலையில் கட்டக்கூடாது.


நெடுந்தீவு மேற்கு எழுதியது:

உங்கள் ஊரில் மன்று இருக்கிறபடியால்தான் இப்படிக் கதைக்க முடிகிறது.


கறுப்புக்கோட் எழுதியது:

கேட்டதற்குப் பதில்: மனுதாரர் வராவிட்டால் பெரும்பாலும் இன்னொரு தவணை போடுவார்கள், திரும்பத் திரும்ப வராவிட்டால் தள்ளுபடி ஆகலாம். எதிராளி வராவிட்டால் அழைப்பாணை, பிறகு பிடியாணை. இங்கேதான் அநியாயம். காசு கட்டாத ஆளைத் தேடிப் பிடிக்கப் பொலிஸ் இருக்கிறது. படகு தவறிய பெண்ணுக்கு ஒருவரும் இல்லை.


ஸ்காபரோ பனி எழுதியது:

எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அளந்து பார்க்க உதவும். ரொறன்ரோவில் 2023-இல் நகர மையத்தில் ஆர்மரி வீதியில் 17 மாடிப் புது நீதிமன்றம் திறந்தார்கள். நகரத்தின் பல மூலைகளில் இருந்த குற்றவியல் நீதிமன்றங்களை மூடி அங்கே கொண்டுபோனார்கள். ஸ்காபரோவில் எக்ளின்ரன் வீதியில் இருந்ததும் அதில் ஒன்று. ஜார்விஸ் வீதியில் இளையோர் வழக்கும் குடும்ப வழக்கும் நடந்த பழைய கட்டடத்திலிருந்து இளையோர் குற்ற வழக்குகளையும் அங்கே எடுத்தார்கள்.

கட்டடம் பளபள. சக்கர நாற்காலி ஏறும், தனித்தனி வாசல், எல்லாம் உண்டு. ஆனால் மால்வேர்ன் பக்கம் இருக்கிற பெடியன் ஒருவன் காலைத் தவணைக்குப் போக பஸ், பிறகு சுரங்க ரெயில் என்று ஏற வேண்டும். முன்பு அம்மா வேலைக்குப் போகிற வழியில் கூட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டு வேலைக்கும் போகலாம். இப்போது அரை நாள் சம்பளம் போகும். இங்கே சம்பளம் மணித்தியாலக் கணக்கு.

குடும்ப வழக்குகளில் நல்லது ஒன்றும் நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆரம்பக் கட்ட அமர்வுகள் பல காணொளியில் நடக்கின்றன. சாட்சி சொல்கிற நாளுக்குத்தான் நேரே போக வேண்டும்.


வடமராட்சியான் எழுதியது:

கனடாக் கதை இங்கே எதுக்கு? அங்கே பஸ் வராவிட்டால் பத்திரிகையில் போடுவான்.


ஸ்காபரோ பனி எழுதியது:

பஸ் வரும் தம்பி, நீதிமன்றம்தான் தூரப் போனது. அதைத்தானே நீங்களும் கேட்கிறீர்கள்?


உடுவில் ரீச்சர் எழுதியது:

எல்லோரும் தாய் தகப்பனையே பற்றிக் கதைக்கிறீர்கள். பிள்ளையைப் பற்றி நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

சிறுவர் நீதிமன்றத்துக்கு வருகிற பிள்ளை என்றதும் "என்ன செய்தான்?" என்று கேட்பது எங்கள் ஊர்ப் பழக்கம். வருகிறவர்களில் எத்தனையோ பேர் ஒன்றும் செய்யாதவர்கள். பார்க்க ஆளில்லாதவர்கள், அடி வாங்கினவர்கள், பள்ளிக்கூடம் வராமல் விட்டவர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளை என்று கொண்டுவரப்படுகிறார்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார், பிறகு அம்மம்மாவிடமோ தகுதியான வேறு ஆளிடமோ ஒப்படைக்கலாமா, இல்லமா என்று மன்று தீர்மானிக்கும். குற்றம் செய்த பிள்ளை என்றாலும், 2018-இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபின் 12 வயதுக்குக் கீழே குற்றப் பொறுப்பே கிடையாது.

இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்போடு வருவார்கள். தவணை முடிந்து நேரே வகுப்புக்குப் போகலாம் என்று தாய் நினைப்பாள். பெயர் கூப்பிடும்போது மத்தியானமாகிவிடும். வெள்ளைச் சட்டையில் எங்கள் பாடசாலைச் சின்னம் தெரியும். பஸ்ஸில் அதே வளாகத்துக்கு வேறு அலுவலாக வந்த ஒருவர் பார்ப்பார். அடுத்தநாள் வகுப்பில் முழுப்பேருக்கும் தெரியும். பிறகு அந்தப் பிள்ளை வரவே மாட்டாது. இடாப்பில் வரவில்லை என்று போடுகிறது நான்தான்.

எனக்குக் கட்டடம் பெரிய விஷயம் இல்லை. சனிக்கிழமை எடுத்தால் என்ன? பிற வழக்கு இல்லை, சிறைச்சாலை பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் தவறாது.


பழைய கோப்பு எழுதியது:

ரீச்சர், யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை பிள்ளைக்கு ரியூசன். சும்மா பகிடிக்குச் சொன்னேன்.

உண்மையான தடை வேறு. சனிக்கிழமை நன்னடத்தைத் திணைக்களம் பூட்டு, பிரதேச செயலகம் பூட்டு, தூர இடத்துப் பஸ் குறைவு. நீதிபதியும் உத்தியோகத்தரும் மேலதிக நாள் வேலைக்கு வரவேண்டும். வார நாளில் ஒரு பின்னேரத்தை ஒதுக்குவது கெதியாக நடக்கக்கூடிய விஷயம். பொது வழக்குகளை மத்தியானத்துக்கு முன் முடித்துவிட்டு, சிறைச்சாலை பஸ் போனபிறகு சிறுவர் வழக்கு. ஒரு நீதவான் மனம் வைத்தால் அடுத்த கிழமையே செய்யலாம். அவருக்கு இடமாற்றம் வந்தால் அதுவும் போய்விடும், அது வேறு கதை. அதனால்தான் வாய்ச்சொல்லாக விடாமல் நீதிச் சேவை ஆணைக்குழுவின் சுற்றறிக்கையாக வர வேண்டும் என்கிறேன்.


நெடுந்தீவு மேற்கு எழுதியது:

பின்னேரம் என்றால் எங்களுக்குத் திரும்பிப் போகப் படகு இல்லை ஐயா.


பழைய கோப்பு எழுதியது:

அதையும் யோசிக்கத்தான் வேண்டும். தீவு வழக்குகளைக் காலையிலேயே வேறாகக் கூப்பிடலாம்.


ஐந்துசந்தி எழுதியது:

நீங்கள் கட்டடத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். எங்கள் முஸ்லிம் பெண்களின் தாபரிப்பும் விவாகரத்தும் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி காதி நீதிமன்றத்தில். காதியாருக்கு அரசாங்கம் கட்டித்தந்த மண்டபம் இல்லை. அவருடைய வீட்டு முன்மண்டபம், இல்லாவிட்டால் ஏதாவது பள்ளிக்கூட அறை. மற்ற வழக்குகளிலிருந்து முழுக்கப் பிரித்து, சனமில்லாத இடத்தில். நீங்கள் கேட்கிற எல்லாம் அங்கே இருக்கு. சட்டத்தரணி எழுந்து பேசவும் முடியாது. காதியாரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவரும்போது நீங்கள் உங்கள் புருஷன் அடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தனியிடம் என்றதுமே நல்லது என்று நினைக்க வேண்டாம். பொலிஸ், பதிவாளர், பார்க்க வருகிற நாலு பேர் இருப்பதிலும் ஒரு பாதுகாப்பு உண்டு.


மாம்பழச்சந்தி எழுதியது:

இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் 2015 மே மாதம் யாழ் நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல்லெறி விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பெரிய வழக்கு நடக்கிற நாளில் அதே வளாகத்தில் சின்னப் பிள்ளை நிற்பது பாதுகாப்பா?


ஐந்துசந்தி எழுதியது:

இல்லைத்தான். அப்படியான நாளில் குடும்ப வழக்கைப் பட்டியலில் போடாமல் விடலாமே. பெரிய வழக்குக்கு எப்போது தவணை என்று மன்றுக்கு முன்னரே தெரியும்.


நிர்வாகி எழுதியது:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் ஒரு தகப்பனின் பெயரும் வேலை செய்யும் இடமும் இருந்தன, மற்றதில் ஒரு பிள்ளையின் பாடசாலை இருந்தது. நடக்கும் வழக்கின் விபரம், நீதிபதி அல்லது சட்டத்தரணியின் பெயர் இங்கே வேண்டாம். உடனடி உதவி தேவைப்படுகிறவர்கள் சிறுவர் விஷயத்துக்கு 1929, பெண்கள் விஷயத்துக்கு 1938 இலக்கத்துக்கு அழையுங்கள்.


வடமராட்சியான் எழுதியது:

ஒன்று நேரடியாகக் கேட்கிறேன். கறுப்புக்கோட் அண்ணை இடமாற்றத்துக்கு எதிராக இவ்வளவு சட்டம் எடுத்து விடுவது பிள்ளைகளுக்காகவா, தனக்காகவா? ஒரு காலையில் மாவட்ட மன்றில் ஒரு வழக்கு, நீதவான் மன்றில் ஒன்று, மேல் நீதிமன்றத்தில் ஒன்று என்று ஒரே வளாகத்துக்குள் ஓடி மூன்று பேரிடமும் காசு வாங்கலாம். குடும்ப வழக்கு வேறு இடத்துக்குப் போனால் ஒன்றுதான்.


கறுப்புக்கோட் எழுதியது:

ஓம், அதுவும் ஒரு காரணம்தான். மறைக்க என்ன இருக்கு? ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒரே வளாகத்தில் மூன்று வழக்கு இருக்கிறபடியால்தான் தாபரிப்பு வழக்கைக் குறைந்த காசுக்கு எடுக்க முடிகிறது. வேறு ஊருக்குப் போனால் முழுநாள் போகும், கட்சிக்காரர்தான் அதையும் கொடுக்க வேண்டும். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. ஆனால் அங்கே இருக்கிற சட்டத்தரணிகளும் இதே மன்றுகளுக்கு இடையில்தான் ஓடுகிறார்கள். மன்றைச் சிதறடித்தால் முதலில் தவணை கேட்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

வீட்டு வன்முறை வழக்கை இதில் விசேடமாக யோசியுங்கள். விண்ணப்பம் போட்டால் 14 நாளுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அவசரமென்றால் அன்றைக்கே இடைக்காலக் கட்டளை வாங்கலாம். கிழமையில் ஒரு நாள் மட்டும் கூடுகிற தனிக் கட்டடத்துக்கு இதைக் கொண்டுபோனால், திங்கள் இரவு அடிவாங்கினவள் அடுத்த அமர்வுவரை என்ன செய்வாள்? நீதவான் தினமும் இருக்கிற மன்றுதான் இதற்குச் சரி.

காணொளி பற்றி ஸ்காபரோ அண்ணை சொன்னார். இங்கேயும் கொரோனாக் காலத்தில் 2021-இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்து தொலைவிலிருந்து விசாரணை நடந்தது. சாட்சி, பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டத்தில், 2015-இல் வந்ததிலும் அதை மாற்றி 2023-இல் வந்ததிலும், வேறிடத்திலிருந்து காணொளியில் சாட்சி சொல்ல இடம் இருக்கிறது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக எடுக்க 1999-ஆம் ஆண்டிலேயே 32-ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது. இவை பெரும்பாலும் குற்ற வழக்குக்கு. சாதாரண தாபரிப்புத் தவணைக்கு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் ஓர் அறையும் ஒரு திரையும் வைத்தால் அரைவாசிப் படகுப் பயணம் மிச்சம். அதைக் கேளுங்கள்.


நெடுந்தீவு மேற்கு எழுதியது:

பிரதேச செயலகத்தில் வைத்தால் ஊர் முழுக்கத் தெரியும் அண்ணை. அங்கே வேலை செய்கிறவர் எல்லாம் எங்கள் சொந்தம். ஆனாலும் மாரிக்கு அது பரவாயில்லை. விருப்பமானவருக்கு என்று போட்டால் சரி.


உடுவில் ரீச்சர் எழுதியது:

பெயர் கூப்பிடுவதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? முதல் பதிவில் எனக்கு உறைத்தது அதுதான். ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் இலக்கத் துண்டு தருகிறார்கள். மன்றில் ஏன் முடியாது?


பழைய கோப்பு எழுதியது:

வழக்குக்கு இலக்கம் ஏற்கனவே இருக்கு ரீச்சர். குடும்ப, சிறுவர் வழக்குகளை வாசலில் இலக்கத்தால் கூப்பிடச் சொன்னால் போதும். ஆளை உறுதிப்படுத்த உள்ளே வந்தபின் பெயர் கேட்கலாம். சில வயதானவர்களுக்கு இலக்கம் மறந்துபோகும், அழைப்பாணைத் துண்டைக் கையில் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் ஒரு பதிவாளர் இதைக் கொஞ்சக் காலம் செய்தார். அவர் போனதும் நின்றுவிட்டது.


மாம்பழச்சந்தி எழுதியது:

சரி, மனுவை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். "வேறு கட்டடம்" என்பதை முதல் வரியிலிருந்து எடுத்துவிட்டேன். வேறு ஊர் என்பதை முழுக்கவே எடுத்துவிட்டேன். இப்போது முதலில் நிற்பது: சிறுவர் வழக்குக்கும் குடும்ப வழக்குக்கும் வேறு நாள், அல்லது விலங்கோடு ஆட்கள் வராத நேரம். அடுத்தது இலக்கத்தால் கூப்பிடுவது. மூன்றாவது, இரு தரப்பும் ஒரே விறாந்தையில் நிற்காதபடி வேறு வாசல், இல்லாவிட்டால் இடையில் ஒரு தட்டியாவது. தாபரிப்புக் காசை வங்கிக் கணக்கில் போடும்படி கட்டளை கேட்பது எங்கள் கையில் இருக்கிறபடியால் அதை மனுவில் போடவில்லை, அக்காவின் சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கிறேன்.

கட்டடம் கட்டுவதென்றால் அதே வளாகத்துக்குள், அல்லது பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், நீதவான், மாவட்ட, சிறுவர் மூன்று வகைக் குடும்பக் கோப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி.

யாருக்கு அனுப்புவது?


கறுப்புக்கோட் எழுதியது:

நாள், நேரம், கூப்பிடும் முறை எல்லாம் நீதிச் சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்கு. பிரதி அந்தந்த மன்றின் பதிவாளருக்கும், யாழ்ப்பாணச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கும். கட்டடம் என்றால் நீதி அமைச்சு. எந்த மன்றின் எல்லை எதுவரை என்பதை மாற்றுவதென்றால் அமைச்சர் பிரதம நீதியரசர் தரப்போடு கலந்து வர்த்தமானியில் போட வேண்டும், அதற்குள் இப்போது போகாதீர்கள். எங்கள் சங்கத்துக்கு வருகிற பிரதியை நான் கூட்டத்தில் எடுக்கிறேன். வடமராட்சித் தம்பி அதற்கும் காசு கேட்பேன் என்று சொல்லாமல் இருந்தால் சரி.


வடமராட்சியான் எழுதியது:

கேட்டாலும் கேட்பீர்கள். எனக்கு இன்னும் தனிக் கட்டடம்தான் சரி என்று படுகிறது. கையெழுத்து வைக்கிறேன், ஆனால் அந்தக் கடைசி வரியை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள்.


மாம்பழச்சந்தி எழுதியது:

கொண்டுவர மாட்டேன் அண்ணை. கட்டடம் மேலே இருந்தால் "நிதி இல்லை" என்று ஒரே வரியில் முழு மனுவுக்கும் பதில் வரும்.

நெடுந்தீவு அக்கா, உங்கள் விஷயத்தை எப்படிப் போடுவது? தீவு வழக்குகள் இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்று எழுதட்டுமா? படகு நேரம் சொல்லுங்கள்.


நெடுந்தீவு மேற்கு எழுதியது:

மணி போட வேண்டாம். படகு நேரம் காற்றோடு மாறும், நாளைக்கு யாரோ அந்த மணியைக் காட்டியே வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள். "தீவுகளிலிருந்து வருகிறவர்களின் வழக்கை அவர்கள் வந்து சேர்ந்ததும் முதலில் எடுக்க வேண்டும், படகு ஓடாத நாளில் வராததை வராததாகக் கணக்கெடுக்கக் கூடாது" என்று எழுதுங்கள். படகு ஓடவில்லை என்று கிராம சேவையாளர் கடிதம் தருவார். நயினாதீவையும் அனலைதீவையும் எழுவைதீவையும் பெயர் சொல்லிச் சேர்க்க மறக்க வேண்டாம், தீவு என்று மட்டும் போட்டால் பாலம் போட்ட தீவுகளையும் சேர்த்துக் குழப்பிவிடுவார்கள்.